விலைப்பட்டியலைக் கண்டு மிரள வேண்டாம்!

ஸ்காண்டிநேவிய நாடுகளுக்குப் போய்த் திரும்பும் நம் வணிக நண்பர்கள் பாடுவது ஒரே பல்லவிதான். “ஊர் அழகு ஐயா, ஆனால் ஓட்டல் விலை பகல் கொள்ளை!” விடுதி அறையில் ரொட்டியும் ஊறுகாயுமாகப் பத்து நாள் ஓட்டியதைப் பெருமையாக வேறு சொல்வார்கள். அடியேனும் முதல் இரண்டு நாள் அந்தக் கட்சிதான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்சி மாறிவிட்டேன்.

ஒரு விலையைப் பார்த்ததும் அடக்கம் என்ன என்று கேட்பது நம் தொழில் குணம். அங்கே தட்டிலுள்ள பண்டத்தைப் போலவே அதைச் சமைத்துக் கொண்டுவரும் கைக்கும் நல்ல விலை உண்டு. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று ஒன்று கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிப்பதுதான் கூலி; அது கௌரவமான கூலி. ஆகவே பரிமாறுபவர் டிப்ஸுக்காக நம் முகத்தைப் பார்த்து நிற்பதில்லை. வரியும் விலைக்குள்ளேயே அடக்கம். பட்டியலில் 140 குரோனர் என்றால் பில்லிலும் 140தான். இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வரி விஷயம் நம்மவர்களுக்குச் சுவையாக இருக்கும். டென்மார்க்கில் மளிகையானாலும் ஓட்டலானாலும் 25 சதவீதம். நார்வேயில் உட்கார்ந்து சாப்பிட்டால் 25. அதையே பார்சல் வாங்கினால் 15. “இங்கேயா, பார்சலா?” என்று கேட்பது உபசாரம் மட்டுமல்ல, கணக்கும்கூட! ஸ்வீடனில் ஓட்டல் வரியை 2012இல் 25இலிருந்து 12 ஆகக் குறைத்தார்கள்.

சரி, சிக்கனமாக ருசிப்பது எப்படி? பகலில் சாப்பிடுங்கள். ஸ்வீடனில் வேலை நாட்களில் சுமார் 11 மணி முதல் 2 மணி வரை ‘அன்றைய சாப்பாடு’ என்று ஒன்று போடுவார்கள். ஒரே விலையில் முக்கியப் பண்டம், காய்கறி சாலட், ரொட்டி, வெண்ணெய், கடைசியில் காபி. நம் மதியச் சாப்பாட்டுக்கு உடன்பிறப்பு! நம் பணத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டும்தான். ஆனால் வயிறு இரவுவரை தாங்கும். அலுவலக அதிகாரியும் லாரி ஓட்டுநரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். வியாழனன்று பட்டாணி சூப்பும், ஜாம் தடவிய அப்பம் போன்ற பண்டமும் அவர்கள் மரபு. சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடவும். சூப்பில் பன்றிக்கறி சேர்ப்பது வழக்கம்.

கோபன்ஹேகனில் கம்பு போன்ற ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியின் மேல் பண்டங்களை அடுக்கித் தருவார்கள். ஊறவைத்த ஹெர்ரிங் மீன் பிரசித்தம். மீன் வேண்டாதவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்ததும் உண்டு. அதன்மேல் மொறுமொறு வெங்காயம். ரொட்டிதானே என்று கையால் எடுத்துவிடாதீர்கள், கத்தியும் முள்கரண்டியும் வேண்டும்.

இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். பகலில் நிறைவாக உண்ட அதே கடை இரவில் பர்ஸைக் காலி செய்துவிடும். அப்போது அறை ரொட்டி போதும். குடிக்கக் குழாய்த் தண்ணீரே அருமை. பாட்டில்தான் வேண்டுமென்றால் நார்வேயில் 2 அல்லது 3 குரோனர் முன்பணமும் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டு அதைத் திரும்பப் பெறாமல் விமானம் ஏறிவிடாதீர்கள்.