கூட்டத்தின் கடைசி ஆள்

தீபாவளி விடுமுறையில் கொழுக்குமலை உச்சிக்குச் சென்றுவர நம் தேவதானத்து இளைஞர்கள் ஆயத்தமாகிறார்கள். தடுக்க நமக்கு மனமில்லை. மலைகளைப் பார்த்துச் சிந்திக்கத் திருமறையே அழைக்கிறது. ஆனால் வேகமாக ஏறுவோர் முன்னே போய்விட, மூச்சு வாங்குவோர் பின்னே தனித்துவிடுகின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் கூட்டத்தின் பின்னே வந்து பலவீனரைத் தாங்கினார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் அமீர்களோ புகைப்படத்திற்காக முன்னே ஓடுகிறார்கள்!

2018 மார்ச் 11 அன்று அதே மலைச்சரிவில், குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐப்பசியில் அச்சம் தீயன்று, மழையும் மூடுபனியும். வனத்துறை அனுமதி பெறுங்கள். மேகம் கவிந்தால் உச்சி அருகில் இருப்பினும் திரும்பிவிடுங்கள். அமீர் கடைசியில் நடக்கட்டும். லுஹரை, கடைசி ஆளும் வந்து சேர்ந்த பின்னரே ஜமாஅத்தாகத் தொழுங்கள்.