பள்ளி மானியம் யார் வீட்டுப் பணம்?

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் தென்காசி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களும் புது வருஷ வேலையில் இறங்குகின்றன. கூரை ஒழுகினால் பணம் எங்கே? குழாய் உடைந்தால் பணம் எங்கே? இந்தக் கவலை முழுவதும் பாடம் நடத்த வந்த ஆசிரியர் தலையில் விழுகிறது. மனு எழுதுவது, கணக்கு அனுப்புவது, கொடையாளிகளின் வாசலில் நிற்பது என்று அவருடைய பொழுது கழிகிறது. நஷ்டம் யாருக்கு? கூலிக்காரன் பிள்ளைக்கு!

2021-26 காலத்துக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மானியம் நிர்ணயித்தார்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய். 100 பிள்ளைகள் வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 லட்சம். மின்சாரக் கட்டணம், குடிதண்ணீர், விளையாட்டுச் சாமான், சில்லறை ரிப்பேர், சுகாதாரம் எல்லாம் இதற்குள்தான். சிறிய பள்ளிக்கு மாதம் சுமார் 833 ரூபாய்தான்!

அந்தப் பணமாவது ஒழுங்காக வந்ததா? திட்டச் செலவில் 100க்கு 60 ரூபாய் மத்திய சர்க்காருடையது. 40 ரூபாய் ராஜ்ய சர்க்காருடையது. ஆனால் 2024-25ம் ஆண்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, புதிய கல்விக் கொள்கைக்குத் தலையாட்டத் தமிழ்நாடு மறுத்ததே காரணம். 2025 மே மாதம் ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டின் படியேற நேர்ந்தது. சோப்புக் கட்டி வாங்கும்போதும் உழைப்பாளி வரி கட்டுகிறான். அவன் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவன் பிள்ளையின் பள்ளிக்கே நிபந்தனை போடுவது என்ன நியாயம்?

ராஜ்ய சர்க்காரும் 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, கம்பெனிகளிடமும் பழைய மாணவர்களிடமும் நன்கொடை கோரியது. மனமுவந்து கொடுப்பவர்களை நாம் தடுக்கவில்லை. ஆனால் பெரிய மனிதர்கள் படித்த பள்ளிக்குக் கிடைப்பது, மலையடிவாரச் சேரியில் உள்ள பள்ளிக்குக் கிடைக்குமா? நன்கொடை வருகிறது என்று சர்க்கார் தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது.

தொழிலாளித் தோழர்கள் ஒரு விஷயத்தை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21வது பிரிவுப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் சர்க்கார் மானியம் தர வேண்டும் என்கிறது 22வது பிரிவு.

எனவே கடையநல்லூரில் நாற்று நடுபவர்களும், சங்கரன்கோவிலில் தறி ஓட்டுபவர்களும், ஆலங்குளத்தில் பீடி சுற்றும் தாய்மார்களும் குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். பகலில் கூட்டம் வைத்தால் கூலி போகும். மாலையிலோ விடுமுறை நாளிலோ வைக்கச் சொல்லுங்கள். ஒழுகும் ஓட்டைக்கூட விடாமல் திட்டத்தில் எழுத வையுங்கள். வந்த பணத்துக்கும் செலவுக்கும் கணக்குக் கேளுங்கள். ஆசிரியரைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குத் துணை நிற்கவே சொல்கிறோம். தனி ஆசிரியரின் மனுவை அலமாரியில் போட்டுப் பூட்டலாம். ஊரே கையெழுத்திட்ட திட்டத்தை அவ்வளவு லேசில் பூட்ட முடியாது.

மத்திய சர்க்கார் கல்விப் பணத்தை நிபந்தனையின்றித் தர வேண்டும். ராஜ்ய சர்க்கார் மானியத்தை உயர்த்திப் பள்ளி திறக்கும் மாதத்திலேயே கொடுக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் ஆலைச் சங்கங்களும் இந்தக் கோரிக்கையைத் தங்கள் சொந்தக் கோரிக்கையாக எடுத்துப் போராட முன்வர வேண்டும்.