கல்லில் இருந்ததும் பலகையில் இருப்பதும்

ஊரின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால், பிழை அவ்வூராருடையது மட்டுமே என்று மற்ற ஊரார் நிம்மதி கொண்டுவிடுவர். கடலை ஒட்டிய சிற்றூர், மரைக்காயர் வீடுகள் நிறைந்த நீண்ட தெருக்கள், தெருவுக்கொரு பள்ளிவாசல். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம் என்று எண்ணியே வாசகர்கள் மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

பேருந்து நிலையத்திலிருந்து பெரிய பள்ளிவாசல் வரை பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தில் நாம் கண்ட எழுத்துகளே இக்கட்டுரையை எழுத வைத்தன. ஒரே பள்ளிவாசலுக்கு மூன்று பலகைகள். முதற்பலகை ‘ஜும்ஆ’ என்கிறது. இரண்டாவது ‘ஜும்மா’ என்கிறது. மூன்றாவது ‘ஜூம்மா’ என்று நெடிலாக நீட்டுகிறது. மூன்றும் ஒரே ஜமாஅத்தின் பணத்தில் எழுதப்பட்டவை. நான்காவதாக ஒரு நெகிழிப் பதாகை. அதில் தமிழ் எழுத்துகள் நெடுக்கில் அமுக்கப்பட்டு, பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, காற்றிழந்த பந்துகளைப் போல் கிடக்கின்றன. அதன் உச்சியில் அரபு மொழியில் ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் நம்மைத் தெருவில் நிற்க வைத்தது. அது ‘பிஸ்மில்லாஹ்’ ஆக இருந்திருக்க வேண்டும். ஆனால் அது அவ்வாறு இல்லை. அரபெழுத்துகள் கைகோத்து நடப்பவை. சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், இறுதியில் ஒரு வடிவம், தனித்து நிற்கையில் ஒரு வடிவம் என, பெரும்பாலான எழுத்துகள் இடத்திற்கேற்பத் தம் உருவை மாற்றிக்கொள்ளும். வலமிருந்து இடமாகச் செல்லும். இந்த இலக்கணம் அறியாத கணினியில், அதைவிட அறியாத ஒருவர் அவ்வரியை ஒட்டியிருக்கிறார். எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே, அதுவும் இடமிருந்து வலமாகத் தலைகீழ் வரிசையில் நின்றன. மக்தபில் முதலாண்டு படிக்கும் குழந்தை கூட அதைப் படிக்காது, படிக்கவும் இயலாது. இறைவனின் திருநாமத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பின்னிருந்து முன்னாக அடுக்கி, பள்ளிவாசலின் வாயிலிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். அதன் கீழே நின்று ஒரு மாதகாலம் ஸலாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எவரும் கவனிக்கவில்லையா என்று கேட்டோம். “கவனித்தோம், அரபு எழுதியிருக்கிறது என்பதுதானே முக்கியம்” என்று விடை வந்தது. எழுத்தை நாம் படிக்கும் பொருளாகக் கொள்ளாமல், கட்டும் தோரணமாகக் கொண்டுவிட்டோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. முதல் வஹீயே ஓதுமாறு பணித்து எழுதுகோலைக் குறிப்பிட்டது என மேடைதோறும் முழங்குகிற சமுதாயம், தன் வாயிற்படியில் உள்ள எழுத்தை ஓதிப் பார்ப்பதில்லை!

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை அதே தெருவின் பழைய சுவர்களே சொல்கின்றன. கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் பொருளீட்டி வந்தவர்கள் கட்டிய வீடுகளின் முகப்பில், சுதையிலும் சிமெண்டிலும் புடைத்தெடுத்த எழுத்துகள் இன்னும் சில நிற்கின்றன. மேலே பிறை, அதனடியில் 786, அதற்கும் கீழே வீட்டின் பெயர், ஒரு பக்கம் ஹிஜ்ரி ஆண்டு, மறுபக்கம் ஆங்கில ஆண்டு. கொத்தனார் கரண்டியால் வளைத்த ‘ழ’கரம் எந்த அச்செழுத்திலும் இல்லாத ஒரு குழைவுடன் வளைந்திருக்கிறது. அவ்வெழுத்துகள் சுவரின் அளவை அறிந்து எழுதப்பட்டவை. வாசலில் நிற்பவன் அண்ணாந்து பார்க்கையில் எப்படித் தெரியும் என்று எண்ணி எழுதப்பட்டவை.

கடைப் பலகைகளும் அவ்வாறே. சுண்ணப்பொடி தோய்த்த நூலைத் தட்டிக் கோடிட்டு, சாக்குக்கட்டியால் உருவெழுதி, எனாமல் வண்ணத்தைத் தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுத்த ஓவியர்கள் ஊருக்கு இருவர் மூவர் இருந்தனர். பலகையின் கீழ் மூலையில் தம் பெயரைச் சிறிதாக எழுதிவைப்பர். அந்தக் கையொப்பம் ஒரு பொறுப்பு. பிழை நேர்ந்தால் ஊரார் அவர் வீட்டுத் திண்ணைக்கே சென்று கேட்பர். இன்றைய பதாகைக்குக் கையொப்பமில்லை. ஆதலால் பொறுப்பாளரும் இல்லை.

எழுத்தின் வடிவமே ஓர் ஆவணம் என்பதையும் நாம் மறந்தோம். 1935இல் பெரியார் தம் ஏட்டில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. அதற்கு முன் ‘லை’, ‘னை’, ‘ணை’, ‘ளை’ ஆகியவை யானைத் துதிக்கை போல முன்வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ‘றா’, ‘னா’, ‘ணா’ ஆகியவை அடியில் சுழித்து எழுதப்பட்டன. ஆகவே ஒரு மதரஸாவின் முகப்பில் துதிக்கைக் கொம்புடன் ஓர் எழுத்தைக் கண்டால், அது பெரும்பாலும் 1978க்கு முற்பட்டது, அன்றேல் பழைய பழக்கம் மாறாத ஒரு கை எழுதியது என்று அறியலாம். ஆண்டு அழிந்துபோன பலகைக்கும் இவ்வாறு வயது சொல்ல முடியும். அச்சுவரைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசும்போது நாம் சுரண்டுவது சுண்ணாம்பை மட்டுமன்று.

இனிக் கல்லுக்கு வருவோம்.

திருச்சிராப்பள்ளிக் கோட்டை நிலையத்தை அடுத்துள்ள சிறு கல்லுப்பள்ளி, ஹிஜ்ரி 116 என்னும் ஆண்டைத் தன் அரபுக் கல்வெட்டில் தாங்கி நிற்கிறது, அது கி.பி. 734. திருப்புல்லாணிக் கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு, பவுத்திரமாணிக்கப் பட்டினத்துச் சோனகப் பள்ளிக்கு அரசன் அளித்த நிலக்கொடையைத் தமிழில் பேசுகிறது. ஒரு பள்ளிவாசலின் உரிமைக்கு ஒரு கோயிற்சுவர் சாட்சி சொல்கிறது! மதுரைக் கோரிப்பாளையம் தர்காவில், பாண்டியன் முன்னர் அளித்த ஊர்களை 1573இல் வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்திய செய்தி தமிழ்க் கல்வெட்டாக நிற்கிறது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களைக் கண்டவர்கள், தமிழ்ச் சிற்பியின் உளி தொழுகைக் கூடத்திற்கும் எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை அறிவர்.

இவை நமக்குப் பெருமைப் பட்டியல்கள் அல்ல, பத்திரங்கள். இந்த மண்ணில் நாம் எப்போது வந்தோம், யார் இடம் கொடுத்தார், எந்த மொழியில் கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு மேடைப் பேச்சு விடையாகாது, எழுத்துதான் விடையாகும். அந்த எழுத்து கல்லில் இருக்கிறது.

நாம் கண்ட ஊரில் அது இருந்தது. இப்போது இல்லை. சிறிய பழைய பள்ளி ஒன்றை இடித்து, வழவழப்பான தரையும் கண்ணாடிச் சாளரமும் கொண்ட மாடிப் பள்ளியாகக் கட்டியிருக்கிறார்கள். பழைய ஹவுழின் மேற்சுவரில் ஒரு கல் பதித்திருந்ததாம். தமிழும் அரபும் கலந்த எழுத்தாம். அது எங்கே என்று கேட்டோம். பள்ளியின் மூத்த முஅத்தின், எண்பதைக் கடந்தவர், நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று புதுத் தரையின் ஒரு மூலையைக் காட்டினார். “இதன் அடியில்தான், வாப்பா. அஸ்திவாரத்துக்குக் கல் பற்றவில்லை என்று உடைத்துப் போட்டுவிட்டார்கள்” என்றார். கல்லில் என்ன எழுதியிருந்தது? “சின்னப் பிள்ளையில் உளூச் செய்யும்போதெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை தன் நகையை விற்றுக் கிணறு வெட்டிக் கொடுத்ததாக வரும். அவர்கள் பெயர் பாதிதான் நினைவிருக்கிறது.” அந்தப் பாதிப் பெயரையும் அவர் நமக்குச் சொன்னார். மறுபாதி கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கிறது.

புதுப் பள்ளியின் முகப்பில் பளிங்குப் பலகை ஒன்று உண்டு. திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை நல்கியவர் என இருபது பெயர்கள் பொன்னெழுத்தில் உள்ளன. நகை விற்ற அந்த அம்மையின் பெயர் அதில் இல்லை. நாம் யாரையும் சினந்து பேச விரும்பவில்லை. ஆனால் முன்னோரின் பெயரைப் பெயர்த்துப் போட்டு அதன்மேல் தம் பெயரைப் பொறித்துக்கொள்வதற்குத் ‘திருப்பணி’ என்று பெயரிடுவதை எங்ஙனம் ஒப்புவது?

இங்கே சிலர் குறுக்கிடுவர். அவர்கள் சொல்வதையும் கேட்போம்.

“பொருள் விளங்கினால் போதாதா? எழுத்தின் அழகில் என்ன இருக்கிறது?” என்பர். பொருள் விளங்கவில்லை என்பதுதான் நம் முறையீடு. துண்டான அரபு வரியில் பொருள் ஏது? தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் பதாகையில் பொருள் ஏது? தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுவிட்ட பிறகும், பழைய எழுத்துருக்களுக்கும் புதியவற்றுக்கும் இடையே வரிகளை வெட்டி ஒட்டுவதால் நேரும் குழப்பம் இது. பொறி செய்த பிழையைப் பார்த்துத் திருத்த ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைத்தான் நாம் கேட்கிறோம்.

“பதாகை மலிவு, ஓவியனுக்குக் கொடுக்கப் பணமில்லை” என்பர். ஆண்டுக்கு நான்கு பதாகை கட்டிக் கிழித்தெறியும் செலவையும், பதினைந்து ஆண்டு நிற்கும் ஒரு பலகையின் செலவையும் பொருளாளர்கள் ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். கிழிந்த பதாகை எங்கே போகிறது என்பதையும் பார்க்கட்டும். இறைவனின் பெயர் அச்சிட்ட நெகிழித் துண்டு சாக்கடையோரம் கிடப்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

“பழங்கல்லைப் பேணுவது கல்லுக்கு மரியாதை செய்வதாகிவிடும், மார்க்கத்தில் அதற்கு இடமில்லை” என்பாரும் உண்டு. இவர்களுடைய அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் கல்லை வணங்குங்கள் என்று யார் சொன்னார்? படியுங்கள் என்கிறோம். ஒரு வக்ஃபுப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பவர் தாளை வணங்குவதாக எவரும் சொல்வதில்லை. அறக்கொடை அளித்தவரின் நிபந்தனை பொறித்த கல்லும் பத்திரமே. அதை உடைப்பது எளிமையன்று, சாட்சியைக் கொல்வது. எளிமையே வேண்டுமெனில், சுவரில் ஒன்றும் எழுதாதிருப்பதும் அழகே. எழுதுவதானால் செப்பமாக எழுத வேண்டும் என்பதே நம் வழக்கு.

எழுத்தைப் பேணிய மரபு நமக்கு அயலானதன்று. தமிழின் ஒலிகளுக்கு இடமளிக்க, அரபெழுத்துகளோடு புதிய புள்ளிகளைச் சேர்த்து அரபுத்தமிழை உருவாக்கியவர்கள் நம் முன்னோர். 19ஆம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அவ்வெழுத்தில் நூல்கள் யாத்தார்கள். ஒரு புள்ளி கூடினால் ஒரு ஒலி மாறும் என்று கணக்கிட்டு எழுதிய கைகள் அவை. ‘ப’கரத்துக்கும் ‘ட’கரத்துக்கும் அரபில் இடம் தேடித் தந்தவர்களின் பேரர்கள், அரபையும் தமிழையும் ஒருசேரச் சிதைத்துத் தொங்கவிடுவது என்ன முறை?

ஆகவே ஜமாஅத் பெரியோர்களுக்குச் சில வேண்டுகோள்கள். ஒரு கட்டடத்தை இடிக்குமுன், அதிலுள்ள எழுத்து ஒவ்வொன்றையும், வாயிற்கல், ஹவுழ்க் கல், தூண், மீசான் கல் எதுவாயினும், முதலில் படமெடுங்கள். படிக்க இயலாத பழைய எழுத்தாயின், மைப்படி எடுக்கத் தெரிந்த தொல்லியலாரை அழையுங்கள். பெயர்த்த கல்லைப் புதுச் சுவரில் கண்ணுக்கு நேரே பதியுங்கள். அதன் வாசகத்தை ஜமாஅத் ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அரபு வரி எதுவும் ஓர் ஆலிமின் கண்படாமலும், தமிழ் வரி எதுவும் தமிழ் கற்ற ஒருவரின் கண்படாமலும் வாயிலில் ஏறக்கூடாது என்று தீர்மானம் போடுங்கள். பள்ளியின் பெயரை எப்படி எழுதுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து, எல்லாப் பலகையிலும் அதையே எழுதுங்கள்.

இல்லங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு முகப்பில் பாட்டனார் காலத்து எழுத்து இருந்தால், வெள்ளையடிக்கும் நாளில் அதைக் காத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கையில் இப்போது படமெடுக்கும் கைபேசி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர்களைத் தெருவில் நடக்க விடுங்கள். கண்ட எழுத்தையெல்லாம் படித்துக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தப் பலகையில் துதிக்கைக் கொம்பு இருக்கிறது, எந்தச் சுவரில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கிறது, எந்தப் பதாகையில் பிழை இருக்கிறது என்று அவர்களே கண்டு சொல்வர். ஊரைப் படிக்கக் கற்ற பிள்ளை ஊரை உடைக்க உடன்படமாட்டான்.

அந்த முதிய முஅத்தினிடம் விடைபெற்றுத் திரும்புகையில் அஸருக்குப் பாங்கு ஒலித்தது. அவர் புதுத் தரையின் அந்த மூலையை ஒட்டிப் போய் நின்றார். ஏன் அங்கே என்று நாம் கேட்கவில்லை. அவர் நினைவில் இருக்கும் அந்தப் பாதிப் பெயரை எழுதி வைத்துக்கொள்ள அவ்வூர் ஜமாஅத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. உங்கள் ஊரில் மறுபாதியும் இருக்கலாம். அது உடையுமுன் போய்ப் படியுங்கள்.