தேர்தல் வந்தால்தான் எங்கள் நினைப்பு வருமா?

என் தங்கை மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருந்தே நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். மதுரையில் கோச்சிங் சேர்க்கும் அளவுக்குத் தங்கைக்கு வசதியில்லை, பாடமெல்லாம் செல்லில் பார்க்கும் வீடியோதான். இயற்பியல் கணக்கு பாதியில் நிற்க, விளம்பரத்தில் நகைக்கடைக்காரர் வருவார். தேர்தல் சமயமென்றால் கட்சிக்காரர் வந்து, சமூக நீதியைக் காத்ததே தாங்கள்தான் என்று கைகூப்புவார். விளம்பரம் வேண்டாமென்றால் மாதம் 149 ரூபாயாம். "மாமா, பரீட்சை முடியிற வரைக்கும் மட்டும் கட்டி விடுறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கட்டிவிட்டேன். ஆனால் அந்தத் தயக்கம் என் மனதை அறுக்கிறது.

அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திய எங்களைப் போன்ற சீர்மரபினருக்கென்று ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் 'சீடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு 200 கோடி ரூபாய். மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சியும் அதில் உண்டு. அதற்கு டிஎன்டி, அதாவது சீர்மரபினப் பழங்குடி என்ற சான்றிதழ் வேண்டும். எங்கள் வீடுகளில் பெட்டி நிறைய இருப்பதோ டிஎன்சி, அதாவது சீர்மரபின வகுப்பு என்ற சான்றிதழ். 1979 ஜூலையில் வந்த ஒரு மாநில அரசாணை 68 சாதிகளைப் பழங்குடி என்பதிலிருந்து வெறும் வகுப்பாக மாற்றிவிட்டது. அன்றிலிருந்து மாநிலத்துக்கு ஒரு முகம், டெல்லிக்கு ஒரு முகம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு வாசலிலும் சான்றிதழுக்காக ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

அந்தத் தாத்தாக்கள் யாரென்று பதிவு செய்வதில் வெள்ளைக்காரனுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஏட்டில் எழுதினான். எங்கள் ஊர்களில் அது ரேகைச் சட்டம். பத்து விரல் ரேகையையும் கொடுக்க வேண்டும், ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்தவனுக்கு மட்டுமல்ல, அந்தச் சாதியில் பிறந்தவனுக்கே அந்த விதி. ரேகை வைக்க மாட்டோம் என்று எங்கள் பகுதிப் பெருங்காமநல்லூர் மக்கள் எதிர்த்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே மாலை போட எல்லாக் கட்சிக்காரர்களும் வரிசையாகக் காரில் வருகிறார்கள். வரட்டும், அந்த மரியாதையை நான் குறை சொல்லவில்லை. மாலை போட்ட கை அரசாணையில் கையெழுத்துப் போட ஏன் தேர்தல் வரை காத்திருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

தேதிகளைப் பாருங்கள். மத்திய அரசின் சலுகைக்கு டிஎன்டி, மாநிலத்துக்கு டிஎன்சி என்று இரட்டைச் சான்றிதழுக்கு அதிமுக அரசு ஆணையிட்டது 2019 மார்ச் 8. மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 10. வன்னியருக்கு 10.5, சீர்மரபினரையும் இன்னும் சில சாதிகளையும் சேர்த்து 7 சதவீதம் என்று உள் ஒதுக்கீட்டைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது 2021 பிப்ரவரி 26. சட்டமன்றத் தேர்தல் தேதிகளும் அதே நாளில் வந்தன. ஒற்றைச் சான்றிதழ் தருவோம் என்ற திமுக ஆட்சியின் அறிவிப்பு வந்தது 2024 மார்ச். மறுபடி மக்களவைத் தேர்தல். இரண்டு கழகங்களுமே எங்கள் கோரிக்கை நியாயமென்று ஒப்புக்கொள்கின்றன. நியாயமென்று தெரிந்ததை நடுவில் இருந்த வருடங்களில் ஏன் செய்யவில்லை?

அவசரத்தில் செய்வது நிற்பதுமில்லை. அந்த 10.5 சதவீதச் சட்டத்தை 2021 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முறையான புள்ளிவிவரம் இல்லை என்பதுதான் இரண்டு தீர்ப்புகளிலும் அடிபட்ட விஷயம். தேர்தலுக்குத் தேர்தல் சாதி ஓட்டைப் பூத் வாரியாக எண்ணி வைத்திருக்கும் கட்சிகள் ஆளும் நாட்டில், 68 சாதியில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் கல்லூரி போனார்கள், எத்தனை பேர் பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போனார்கள் என்ற கணக்கு மட்டும் இல்லையாம்! ரேகை எடுக்க வீடு வீடாக வரத் தெரிந்ததே ஓர் அரசாங்கத்துக்கு. அதே தெருக்களுக்கு இன்னொரு தடவை வாருங்கள், தலைகளை எண்ணுங்கள், ஒரே சான்றிதழைக் கையில் கொடுங்கள். தேர்தல் எதுவும் இல்லாத ஒரு வருடத்தில், சாதாரண வேலை நாள் ஒன்றில் அதைச் செய்யுங்கள். அடுத்த நீட் விண்ணப்பத்துக்குள் கிடைத்தால் என் மருமகளுக்கும் உதவும்.