பஞ்சாயத்துக்கு வந்த பீரங்கி

"வெள்ளையன் வந்திராவிட்டால் நம் மன்னர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டிருப்பார்கள், நடுவே நின்று சமாதானம் செய்து வைத்தவன் அவன்தானே!" என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். படித்தவர்களிடையேதான் அதிகம் இருக்கிறார்கள். தோழர்களே, இந்தப் பேச்சுக்குப் பதில் தேடி நீங்கள் இலண்டன் நூல்நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. கடலூரில் தொடங்கிச் சிதம்பரத்தைக் கடந்து கொள்ளிடக் கரைவரை நடந்தால் போதும்.

கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் உண்டு. பெயரிலே குண்டு ஏன் வந்தது? 1690-ஆம் ஆண்டில், செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பெனியார் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள நிலமும் விலையில் அடக்கம் என்பது பேரம். சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. எல்லை அளக்கக் கயிறும் கோலும் கொண்டு வந்தவன் அல்லன் வெள்ளையன். வெடிமருந்து கொண்டு வந்தான். அந்த நிலத்தை உழுது கொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்தக் கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746-க்குப் பின் சில ஆண்டுகள் கும்பெனியின் தலைமையிடமே அதுதான். 1749-இல் அக்கோட்டையின் வாயிலுக்கு ஒருவர் வந்தார். தஞ்சை அரியணையை இழந்த சாகுஜி. "பிரதாப சிங்கன் என் உரிமையைப் பறித்தான். மீட்டுத் தாருங்கள். தேவிகோட்டையைத் தருகிறேன், படைச் செலவையும் தருகிறேன்" என்பது அவருடைய முறையீட்டின் சாரம். தேவிகோட்டை எங்கே? சிதம்பரத்துக்குத் தென்கிழக்கே, கொள்ளிடம் கடலோடு கலக்கும் முகத்தில். கப்பல் வணிகனின் கண் அதன்மேல் விழுந்ததில் வியப்பென்ன!

கும்பெனி படையெடுத்தது. முதல் படையெடுப்பு புயலில் அலைக்கழிந்து, தோற்றுத் திரும்பியது. சாகுஜிக்காக நாடே திரண்டு எழும் என்று எதிர்பார்த்தனர், எவரும் எழவில்லை. மக்கள் எவருக்காக எழுவார்கள், எவருக்காக எழமாட்டார்கள் என்பது மக்களுக்குத் தெரியும். மறுமுறை மேஜர் லாரன்ஸ் தலைமையில் கடல் வழியே வந்தனர். இளம் கிளைவும் உடன் வந்தான். கோட்டை வீழ்ந்தது.

இனி நீதியின் அழகைப் பாருங்கள். உரிமை இழந்தவருக்காகப் போர் தொடுத்த கும்பெனி, அந்த உரிமையைப் பறித்தவர் என்று தானே சாற்றிய பிரதாப சிங்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டது. தேவிகோட்டையும், ஆண்டுக்கு 9,000 வராகன் விளையும் நிலமும் கும்பெனிக்கு. சாகுஜிக்கு? ஆண்டுக்கு 4,000 ரூபாய். அதுவும் அவர் இனித் தஞ்சைக்குத் தொல்லை தராதபடி கும்பெனியே காவல் காக்கும் என்ற பிணையின்பேரில்! அவர் தப்பி ஓடிவிட்டார் என்றும், அவருக்குப் பதிலாக அவருடைய உறவினர் ஒருவரைச் சிறையில் அடைத்தார்கள் என்றும், 1758-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்தாம் அவரை விடுவித்தனர் என்றும் எழுதியவர் நம்மவர் அல்லர். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மில்.

ஊரில் வரப்புத் தகராறு தீர்க்க வந்த நாட்டாண்மை, தீர்ப்புக் கூலியாக வயலையே எழுதி வாங்கிக்கொண்டு போனால் அவரை என்னவென்று அழைப்போம்?

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இன்னும் பெரிய பஞ்சாயத்து கூடியது. கொள்ளிடத்துக்கு வடக்கே ஆர்க்காட்டு நவாபு முகமது அலி. தெற்கே தஞ்சை மன்னர். பழைய கப்பப் பாக்கி எவ்வளவு, எந்த ஊர் யாருக்கு என்பது வழக்கு. 1762-இல் சென்னைக் கவர்னர் பிகட் தீர்ப்பளித்தார். தஞ்சை 22 இலட்ச ரூபாயை ஐந்து தவணையில் செலுத்த வேண்டும்; ஆண்டுதோறும் 4 இலட்சம் கப்பம் கட்ட வேண்டும்; கோவிலடி, இளங்காடு பகுதிகள் தஞ்சைக்கு. பாக்கிப் பணம் நவாபின் கைக்குப் போயிற்றா? இல்லை! நவாபு கும்பெனிக்குப் பட்ட கடனில் வரவு வைக்கப்பட்டது. கொடுத்தவர் மன்னர், பெயரளவில் வாங்கியவர் நவாபு, பெட்டியை நிரப்பிக்கொண்டது நடுவர். தம் முத்திரையைப் பிகட் பிடுங்கித் தாமே அந்த ஓலையில் பதித்துவிட்டார் என்று நவாபு பின்னாளில் அழுதார்.

பிணை நின்ற கும்பெனி அந்தப் பிணையையாவது காத்ததா? 1771-இல் நவாபுக்காகத் தஞ்சையின்மேல் படையோடு போயிற்று. 1773-இல் தஞ்சையைப் பிடித்து, துளஜா மன்னரைச் சிறையிலிட்டு, நாட்டை நவாபிடம் கொடுத்தது. 1776-இல் அதே பிகட் மீண்டும் வந்து துளஜாவை அரியணையில் அமர்த்தினார். உடனே பால் பென்பீல்டு என்ற கும்பெனி ஊழியன் எழுந்து, நவாபு தஞ்சை வருவாயை எனக்கு ஈடு காட்டியிருக்கிறார், வயலில் நிற்கும் பயிரே எனக்கு அடமானம் என்று 2,34,000 பவுனுக்குக் கணக்கு நீட்டினான். காவிரிப் படுகையில் விதைத்தவன் ஒருவன். கதிர் முற்றுமுன்பே அதற்குரியவன் சென்னையில் உட்கார்ந்திருந்த வட்டிக்காரன்! பிகட்டையே அவருடைய ஆலோசனை சபையினர் கைது செய்தனர். காவலிலேயே 1777-இல் அவர் மாண்டார். நடுவர்களுக்குள்ளேயே பங்குச் சண்டை வந்தால் இப்படித்தான் முடியும்.

"மன்னர்கள்தாமே அழைத்தார்கள்?" என்று கேட்கலாம். ஆம், அழைத்தார்கள். அவர்களுக்கு வக்காலத்து வாங்க நமக்கு ஒரு தேவையும் இல்லை. அண்டை வீட்டானைவிடக் கடல் கடந்து வந்த அந்நியன் நல்லவன் என்று நம்பிய அறிவிலிகள் அவர்கள். ஆனால் அழைக்கப்பட்டவன் வீட்டுக்காரனாகிவிட்டதற்கு அழைப்பு அத்தாட்சியாகாது.

இங்கே பழகிய வித்தையை அரபு நாட்டிலும் ஆடிக் காட்டினர். பாரசீக வளைகுடாவின் ஷேக்குகளை மேற்பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1947 வரை இந்திய அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. மஸ்கட்டுக்கும் சான்சிபாருக்கும் உரிமை கேட்டுச் சண்டையிட்ட இரு சகோதரர்களுக்கு 1861-இல் தீர்ப்புரைத்தவர், இந்திய வைஸ்ராய் கானிங்! ஒரே அரசு இரண்டாயிற்று. சான்சிபார் ஆண்டுக்கு 40,000 வெள்ளி நாணயம் மஸ்கட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். 22 இலட்சக் கணக்கின் சாயல் உங்களுக்குத் தெரிகிறதல்லவா?

1922 இறுதியில் உகைர் என்ற துறையில் கூடினார்கள். நஜ்தின் இப்னு சவூதுக்கும் ஈராக்குக்கும் குவைத்துக்கும் எல்லை வகுக்க வேண்டும். இந்தியாவில் உத்தியோகம் பழகிய பெர்சி காக்ஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோடு கிழித்தார். குவைத் தனதென்று கருதிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சவூதின் பக்கம் போயிற்று. குவைத்தின் ஷேக் அந்தக் கூடாரத்தில் இல்லை. அவருக்காகப் பேச அமர்ந்திருந்தவரும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே. ஒட்டகம் ஓட்டிப் பருவத்துக்குப் பருவம் கிணறு தேடி நடக்கும் மக்களுக்குப் பென்சில் கோடு என்ன தெரியும்? 1990-இல் ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தபோது, பிரிட்டிஷார் வகுத்த எல்லை என்ற பழைய வழக்கு மீண்டும் உலகின் காதில் விழுந்தது.

நம் கொள்ளிடக் கரைக்குத் திரும்புவோம். வழக்காடிய இருவரும் என்ன ஆனார்கள்? 1799-இல் தஞ்சையின் ஆட்சி கும்பெனிக்கு. 1801-இல் ஆர்க்காட்டின் ஆட்சியும் கும்பெனிக்கு. ஒருவருக்குக் கோட்டையும் மற்றவருக்குப் பட்டமும் மிஞ்சின. 1855-இல், ஒரே ஆண்டில், தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜியும் கடைசி நவாபு குலாம் கவுசும் ஆண் வாரிசின்றி இறந்தனர். அந்தப் பட்டங்களையும் கும்பெனி எடுத்துக்கொண்டது.