பழைய டாஸும் பெரிய தட்டும்

கடைக் கணக்கையும் உறவினர் முகவரிகளையும் டாஸ் கணிப்பொறியில் எழுதிவைத்த அன்பர்கள் நம் குடும்பங்களில் இன்றும் உளர். அப்பொறியின் வன்தட்டு பழுதுற்றால் மாற்றுவதற்கு இன்று அங்காடியில் கிடைப்பவை பெருந்தட்டுகளே. அவற்றின் முழு அளவையும் பழைய டாஸ் ஆள இயலாது.

காரணம் எளிது. டாஸ் கையாளும் ஃபேட் 16 முறை, தட்டின் ஒரு பகுதியைச் சிறு கூறுகளாக்கி எண்ணிடுகிறது. எண்கள் 65,536-க்கு மேற்செல்லா. கூறு ஒன்று 32 கிலோபைட் என்று கொண்டாலும் அப்பகுதி 2 கிகாபைட்டோடு நின்றுவிடும். 1994-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6.22-க்கும் இதுவே எல்லை. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்போடு வந்த ஃபேட் 32 முறையை அது அறியாது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2024-இல் டாஸ் 4.00-இன் மூலநிரலை யாவர்க்கும் திறந்துவிட்டது. ஆராய்வோருக்கு அது விருந்து. நம் வீட்டுக் கணக்குக்கு உதவாது.

உதவுவது ஃப்ரீடாஸ். ஜிம் ஹால் என்னும் அமெரிக்க மாணவர் 1994-இல் தொடங்கிய இது, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது, 2025-இல் 1.4 பதிப்பு வந்தது. ஃபேட் 32-ஐ அறியும். 2 டெராபைட் வரையுள்ள தட்டை ஆளும். பழைய நிரல்களுட் பெரும்பாலானவை இதில் இயங்கும்.

ஒன்று கருதுக: பழைய பயாஸ் முறை அறவே நீக்கப்பட்ட புதுக் கணிப்பொறிகளில் இது நேரே இயங்காது. அங்கே டாஸ்பாக்ஸ் போன்ற போலிப்பொறி நிரலை நாடலாம். எவ்வழியாயினும், பழைய தட்டு சுழலும்போதே கோப்புகளைப் படியெடுத்துக்கொள்க.