14 நாள் கெடு: ஜவ்வாது மலைத் தோழர்களுக்கு அறைகூவல்

கிராம சுகாதாரச் செவிலியர்களே, ஆஷா தோழர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே!

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கையோ காலோ திடீரெனத் துவண்டால், அன்றிலிருந்து நமக்கு 14 நாள்தான் கெடு. அதற்குள் 24 மணி நேர இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரிகள் எடுத்தாக வேண்டும். நாள் தள்ளினால் மலத்தில் போலியோ வைரஸ் குறைந்துவிடும். அதன்பின் எடுத்தால் ஆய்வகத்தால் உறுதியாகச் சொல்வது கடினம்.

போலியோ ஒழிந்துவிட்டது என்று ஓய்ந்துவிடாதீர்கள்! 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் யாரையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்ற சான்றும் பெற்றோம். ஆனால் 2024இல் மேகாலயாவின் மேற்கு காரோ மலை மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தடுப்பு மருந்து வழி வந்த போலியோ வைரஸ் கண்டறியப்பட்டது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் பரவுகிறது. தொற்றும் 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே வாதம் வரும். அந்த ஒரு பிள்ளையைத் தவறவிட்டால், நோய் ஊருக்குள் புகுந்ததே தெரியாமல் போகும்.

போலியோவா, கில்லன் பாரே என்னும் நரம்பு நோயா, வேறு வைரஸா என்று முடிவு செய்வது நம் வேலையல்ல. கண்டதும் சொல்வதே நம் வேலை. லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு பேராவது போலியோ அல்லாத வாதத்தோடு கண்டறியப்பட வேண்டும் என்பதே நம் நாட்டின் அளவுகோல். ஆகவே அறிக்கையில் ‘எவரும் இல்லை’ என்று எழுதும் முன், தேடினோமா என்று நம்மையே கேட்போம்!

நம் மலை மூன்று மாவட்டங்களுக்குப் பிரிந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். ஒரு மாவட்டத்துப் பிள்ளை இன்னொரு மாவட்டத்தில் வைத்தியம் பார்த்தால், இரு மாவட்டக் கணக்கிலும் விடுபடலாம். எந்த ஊர்ப் பிள்ளையானாலும், பார்த்தவர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்!

நாட்டு வைத்தியரிடமும், மருந்துக் கடையிலும், பள்ளி ஆசிரியரிடமும், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டியிடமும் கேளுங்கள்: “நடந்துகொண்டிருந்த பிள்ளை எதுவும் நடக்க முடியாமல் கிடக்கிறதா?” அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மல மாதிரியை ஐஸ் பேக் வைத்த பெட்டியில், குளிர் குறையாமல், சென்னை கிண்டி கிங் நிலையத்துக்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். 60 நாள் கழித்து, அந்தப் பிள்ளையின் கால் தேறியதா என்று மறுபடியும் போய்ப் பாருங்கள்.

சாலை இல்லாத குக்கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் அதே 14 நாள்தான். அதை வீணாக்க நமக்கு உரிமை இல்லை. தோழர்களே, இந்த வாரமே உங்கள் பகுதியில் ஒரு வீடு விடாமல் கேட்டு முடியுங்கள்!